இரண்டு நீலக் குப்பிகள்

ஏழாம் படுக்கைக்காரர் லாரி ஓட்டுநர். குடல்வால் அறுவை முடிந்து மூன்றாம் நாள். வயிறு இன்னும் தேறவில்லை. வாய் மட்டும் முதல் நாளே குணமாகிவிட்டது.

"சிஸ்டர், ஊசியில என்ன இருக்கு? பெட்ரோலா, டீசலா?"

"வெறும் உப்புத்தண்ணிண்ணே. குழாய் அடைச்சுக்காம இருக்க."

செவிலி சிரித்தபடியே அவர் கையிலிருந்த குழாயில் ஊசிக்குழலைப் பொருத்தினாள். காலிக் குப்பியை எறியப் போகும்போதுதான் அதன் எழுத்து கண்ணில் பட்டது. உப்புநீர் இல்லை, பொட்டாசியம். நிறைய நீரில் கலந்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டிய மருந்து. இப்படி ஒரேயடியாக உள்ளே போனால் இதயம் நின்றுவிடும்.

அவள் கட்டைவிரல் இன்னும் அழுத்தவில்லை. ஊசிக்குழலைக் கழற்றினாள்.

"வேற எடுத்துட்டு வர்றேன்."

சரியான குப்பியை மூன்று முறை படித்துவிட்டு வந்து போட்டாள். யாரும் எதையும் பார்க்கவில்லை. அவள் மட்டும் அன்று முழுதும் எடுத்த குப்பியை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மாலையில் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கணவன் துணி மடித்துக்கொண்டே கேட்டான். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

"அப்புறம் ஏன் சும்மா கெடக்குற சங்கை ஊதணும்? போன வருஷம் பக்கத்து வார்டுல தப்ப ஒத்துக்கிட்ட ஒருத்திய வேலைய விட்டு அனுப்பினாங்கன்னு நீதானே சொன்ன?"

"நான் பார்த்துட்டேன். நாளைக்கு எடுக்கிறவ பார்க்கலைன்னா?"

அவன் ஒரே சட்டையை இரண்டு முறை மடித்தான். "சரி, சொல்லிடு. வர்றத பார்த்துக்கலாம்."

தலைமைச் செவிலிக்கு வார்டில் 'சைரன்' என்று பெயர். காலையில் அவர் எதிரே நின்று சொல்லி முடித்துவிட்டு, திட்டு விழக் காத்திருந்தாள். சைரன் ஒலிக்கவில்லை. நேரே மருந்து இழுப்பறைக்குப் போய்த் திறந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். இரண்டிலும் ஒரே அளவுக் குப்பிகள், ஒரே நீல எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

வேலையில் இருந்த செவிலியர் எல்லோரையும் அழைத்தார். "இதுல வேற யாராவது ஏமாந்திருக்கீங்களா? யார் மேலயும் நடவடிக்கை கிடையாது. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

இருபது வருட அனுபவமுள்ள மூத்தவர் தொண்டையைச் செருமினார். "போன மாசம். கையில எடுத்துட்டேன், கடைசியில பார்த்து வெச்சுட்டேன். இந்த வயசுல இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு."

"நானும்," என்றாள் ஓரத்தில் நின்றவள்.

ராத்திரி முழுக்கத் தன்னை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கியது.

மருந்தக அதிகாரி வந்தார். "இத்தனை வருஷமா அங்கதானே இருக்கு?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். அப்போது சைரன் ஒலித்தது. மாடிப்படி வரை கேட்டது. மதியத்துக்குள் பொட்டாசியக் குப்பிகள் அத்தனையும் வார்டை விட்டுப் போயின. இனி மருந்தகமே அளவாகக் கலந்து, பையில் போட்டு அனுப்பும்.

மிச்சமிருந்தது ஒரு வேலை. மருத்துவரோடு ஏழாம் படுக்கைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "மன்னிச்சிடுங்கண்ணே."

ஓட்டுநர் தன் கையில் செருகியிருந்த குழாயைத் தடவிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன்மா. ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டே கண்ணசந்து, தூக்கிவாரிப் போட்டு முழிச்சது எத்தனையோ தடவை. வீட்டுல கூட சொன்னதில்ல." பிறகு கையை நீட்டினார். "போடுங்க. ஆனா குப்பிய முதல்ல எங்கிட்ட காட்டணும்."

காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். ஆறாம் படுக்கைக்காரர் தலையைத் தூக்கினார்.

"சிஸ்டர், எனக்குப் போடுறதையும் காட்டுங்க."

அன்று வரிசை முழுவதும் ஊசி போட்டு முடிக்க வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாயிற்று. தன் மதியச் சாப்பாடு ஆறிப்போனதை அவள் பொருட்படுத்தவில்லை.