கரி எஞ்சினும் ஒரு பக்க மீசையும்

"முறுக்குலே கபீரு, முறுக்கு!"

மொபெட்டின் பின்சீட்டிலிருந்து இருளப்பசாமி போட்ட சத்தத்தில், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ரோட்டை விட்டு இறங்கி ஓடின.

"இதுக்கு மேல முறுக்குனா கைப்பிடி கழண்டு கையோட வந்துரும். ஆடாம உக்காருங்க அண்ணாச்சி!" என்றான் அகமது கபீர். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

தென்னந்தோப்புகளுக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு புகைக்கோடு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் செங்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் பாசஞ்சர். அதன் தலையில் கரி எஞ்சின். அந்த எஞ்சினுக்குள், டிரைவருக்குப் பக்கத்தில், இந்த நிமிஷம் நின்றுகொண்டிருக்க வேண்டியவர் இருளப்பசாமி. ஆனால் அவரோ, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பாதி உதிர்ந்த சம்பங்கி மாலையோடு மொபெட்டில் குதித்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்குள் அவர் அந்த எஞ்சினில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் மீசை போய்விடும். முழுசாகப் போனாலும் பரவாயில்லை. போகப்போவது ஒரு பக்கம் மட்டும்.

அந்த மீசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருளப்பசாமியின் முகத்தில் மற்ற உறுப்புகள் எல்லாம் மீசைக்குத் துணையாக வந்தவை. இரண்டு முனையும் காதைப் பார்த்து முறுக்கி நிற்கும். ராஜபாளையத்தில் அவர் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், "ஏ எஸ் டி எஃப்" தட்டும் பிள்ளைகள் அவர் சொல்லுக்குப் பயப்பட்டதில்லை. மீசை அசைந்தால்தான் பயம்.

அப்படிப்பட்ட மீசையைப் பந்தயத்தில் வைத்தது வேறு யாருமில்லை. அவரேதான்.

ராஜபாளையம் ரயில் ரசிகர் சங்கத்தில் ஆட்கள் மூன்று பேர். இருளப்பசாமி தலைவர், சுப்புராஜ் செயலாளர், கபீர் பொருளாளர். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. சாயங்காலமானால் ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில் கூட்டம் கூடும். கூடிய வேகத்தில் சண்டை வரும். மூன்று பேருக்கும் ரயில் என்றால் உயிர். ஆனால் மூன்று பேரும் காதலித்தது மூன்று வேறு ரயில்களை.

"கரி எஞ்சினுக்கு மூச்சு இருக்குலே. பெருமூச்சு விடும், கோவிச்சுக்கிடும், கூப்பிடும். டீசல் என்ன? தகரப் பெட்டி!" இது இருளப்பசாமி. வாரப் பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பகுதிக்கு இதையே நீட்டியும் சுருக்கியும் எழுதிக்கொண்டிருப்பவர்.

"மூச்சு இருக்குன்னுதான் தெனமும் எளைப்பு வந்து நிக்குது. டீசலு, சுவிட்சைப் போட்டா கெளம்பும், பிரேக்கைப் போட்டா நிக்கும். வண்டின்னா அதான அண்ணாச்சி?" இது கபீர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர் செய்கிறவன். சுவிட்ச் இல்லாத எதையும் அவன் முழுசாக நம்புவதில்லை.

சுப்புராஜுக்கு எந்த எஞ்சினும் ஒன்றுதான். பஞ்சு புரோக்கரான அவருக்கு ரயிலில் பிடித்தது கால அட்டவணை மட்டும். எருமை மாட்டைக் கட்டி இழுத்தாலும் சரி, சொன்ன நேரத்துக்கு வந்தால் கையெடுத்துக் கும்பிடுவார். அப்படிக் கும்பிட அவருக்கு வாய்ப்பு கிடைத்ததில்லை.

சங்கத்தில் சேராத ரயில் நிபுணர் ஒருவர் உண்டு. இருளப்பசாமியின் மனைவி வெள்ளத்தாய். வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். மாடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் விழுந்து விழுந்து, கரி எஞ்சினைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்தை எந்தப் பத்திரிகையும் அச்சில் போடாது.

இந்த நிலையில்தான் செய்தி வந்தது. அடுத்த வாரத்திலிருந்து இந்த வண்டிக்கும் டீசல். தொண்ணூறுகள் பிறந்தும் விடாமல் ஓடிக்கொண்டிருந்த கரி எஞ்சினுக்கு இதுதான் கடைசி ஓட்டம்.

பெஞ்சில் இருளப்பசாமி கண் கலங்கினார். அந்த நேரம் பார்த்து சுப்புராஜ் கேட்டார்.

"நானும் வருசக்கணக்கா கேக்கேன், கரி எஞ்சினு, கரி எஞ்சினுன்னு உருகுதீயளே, ஒரு நாளாச்சும் அதுக்குள்ள ஏறிப் பாத்திருக்கீயளா?"

டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். அதுதான் வினை. நாலு பேர் திரும்பிவிட்டால் இருளப்பசாமிக்கு நாக்கு தனியாக வேலை செய்யும்.

"ஏறத்தான் போறேன்! கடைசி வண்டியில, எஞ்சின்ல ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பிளாட்பாரத்துல எஞ்சினை விட்டு எறங்குதேன். எறங்கலைன்னா, இந்தா, ஒரு பக்க மீசையை எடுத்துருதேன்!"

"எறங்குற எடத்துல நாவிதரோட நான் நிக்கேன்" என்றார் சுப்புராஜ், சாந்தமாக.

கபீர்தான் காரியத்தை நடத்திக் கொடுத்தான். அந்த வண்டியின் டிரைவர் சமுத்திரத்தின் டேப்ரிக்கார்டர் ரிப்பேருக்கு அவன் கடைக்குத்தான் வரும். "சட்டப்படி ஆகாது. ஆனா கடைசி நாளு. பெரியவரு ஆசைப்படுதாரு. ஒரு ஸ்டேஷன்தான? கூட்டிட்டு வா" என்று சமுத்திரம் ஒத்துக்கொண்டார்.

இன்று ராஜபாளையம் பிளாட்பாரத்தில் மைக்செட், மாலை, சந்தனம், எஞ்சினுக்கு வாழைக்கன்று என்று தடபுடல். வண்டி வந்து நின்றது. வழியனுப்புப் பேச்சு இரண்டு வார்த்தை என்று ஏற்பாடு. இருளப்பசாமி மைக்கைப் பிடித்தார். எஞ்சினைத் தாய் என்றார், யானை என்றார், ஊரின் இதயத் துடிப்பு என்றார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் நீராவியின் வரலாற்றுக்குள் நுழைந்தபோது, பிறந்த நாளிலிருந்து நேரத்துக்குக் கிளம்பியே அறியாத அந்த வண்டி, கூவிவிட்டு, நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது.

அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

"அண்ணாச்சி! வண்டி போயிருச்சு!" கபீர்தான் மேடையில் ஏறி அவர் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க, மொபெட் இருக்கு, வில்லிபுத்தூர் அவுட்டர் சிக்னல்ல பிடிச்சிரலாம். அங்க அது நிக்காத நாளே கெடையாது!"

"வேண்டாம்லே... உனக்கு எதுக்குச் சிரமம்..."

"எனக்குக் கரி எஞ்சின் வேண்டாம் அண்ணாச்சி. உங்க மீசை வேணும். ஏறுங்க!"

இப்படித்தான், டீசல் கட்சிக்காரன் ஓட்ட, கரி கட்சிக்காரர் பின்னால் உட்கார, துரத்தல் தொடங்கியது.

ஆனால் விதி இருளப்பசாமிக்கு எதிராக வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. "விடுங்க, வேற வாங்கிக்கிடலாம்" என்றான் கபீர். "புதுச் செருப்புலே!" என்று இறங்கித் திரும்பி நடந்து எடுத்து வந்தார். ஸ்பின்னிங் மில் தாண்டியதும் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு சோடா. சோடாக் கடையில் தெரிந்த முகம் ஒன்று. அது முன்னொரு காலத்தில் அவரிடம் டைப்ரைட்டிங் படித்த கண்ணுச்சாமி. அவருடைய பிள்ளைகள், பிள்ளைகளின் படிப்பு, படிப்புக்கேற்ற வேலை என்று விசாரணை நீண்டது.

"அண்ணாச்சி!" கபீர் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். "மீசை போகப்போற நேரத்துல ஊர்க்கதையா?"

"கண்டும் காணாமப் போனா மரியாதை இல்லைலா?"

"எஞ்சினைப் பிடிச்ச பொறவு மரியாதை குடுப்போம்! ஏறுங்க!"

மறுபடி வண்டி சீறியது. "முறுக்கு, முறுக்கு" என்று மறுபடி இருளப்பசாமி முழங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் மரங்களுக்கு மேலே தலை காட்டியது. புகைக்கோடு நகர்வதை நிறுத்தி, நட்டுவைத்த மாதிரி நேராக மேலே எழும்பியது.

"நின்னுருச்சு!" கபீர் கூவினான். "அவுட்டர்ல நின்னுருச்சு! உங்க தாய் உங்களைக் கைவிடலை அண்ணாச்சி!"

பின்சீட்டில் இருளப்பசாமி கபீரின் தோளை இறுக்கிப் பிடித்தார். சந்தோஷத்தில்தான் போலும்.

மொபெட்டைப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, பருத்திக்காட்டு வரப்பில் இருவரும் ஓடினார்கள். கபீர் முன்னால். இருளப்பசாமி வேட்டியை மடித்துக் கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் இடையில் பின்னால்.

எஞ்சின் நின்றது. பக்கத்தில் போனால்தான் அதன் அளவு தெரியும். சக்கரமே ஆள் தோளுக்கு. அடியிலிருந்து கொதிநீர் சொட்டியது. உள்ளே நெருப்பு வாய் திறந்து மூடியது. வெக்கை முகத்தில் அறைந்தது.

"வாங்கய்யா, வாங்க!" சமுத்திரம் மேலேயிருந்து கை நீட்டினார். "சிக்னல் விழப்போவுது, வெரசா ஏறுங்க!"

கபீர் அணிலாக ஏறினான். திரும்பிக் குனிந்து, "கையைக் குடுங்க!" என்றான்.

இருளப்பசாமி ஒரு காலைப் படியில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சின் நீராவியை வெளியே விட்டது. ஆயிரம் பாம்பு ஒன்றாகச் சீறினால் வரும் சத்தம். வெள்ளையாகப் புகைமூட்டம். அது விலகியபோது படியில் இருளப்பசாமி இல்லை. தண்டவாளச் சரிவுக்குக் கீழே எருக்கஞ்செடிக்குள் இருந்து ஒரு சம்பங்கி மாலை எழுந்தது. அதற்குள் அவர் தலை.

"ஜல்லி சறுக்கிருச்சுலே!" என்றார்.

சிக்னல் கை இறங்கியது. விசில் கத்தியது. "அண்ணாச்சி, ஓடியாங்க!" என்று கபீர் கத்தக் கத்த, கரி எஞ்சினின் கடைசிப் பயணத்தில், கரி எஞ்சினைப் பரம விரோதியாக நினைத்தவன் உள்ளே நின்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். அதற்காக உயிரையே கொடுப்பேன் என்று எழுதியவர், எருக்கம்பாலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஜல்லி சறுக்கிருச்சு" என்று இன்னொரு தடவை சொன்னார், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

அவருக்கு மொபெட் ஓட்டத் தெரியாது. ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டே போனார்.

பிளாட்பாரத்தில் சுப்புராஜ் சொன்ன சொல் தவறாமல் நின்றார், பக்கத்தில் நாவிதர் ராக்கப்பனோடு. வண்டி சிவகாசிப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். சுற்றி ஒரு கூட்டம். நடுவில் கபீர். முகமெல்லாம் கரி. பல் மட்டும் வெள்ளை.

"எப்படி இருந்துச்சு கபீரு?" என்று ஒருவர் கேட்க, "என்னத்த இருந்துச்சு? அடுப்படிக்குள்ள நின்னு ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. டீசல்தான் வண்டி" என்றான். ஆனால் முகம் கழுவச் சொன்னவர்களிடம், "செத்த நேரம் போவட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இருளப்பசாமி யாரும் சொல்லாமலே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். வாக்கு வாக்குதான். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"எந்தப் பக்கம் எடுக்கணும்?" ராக்கப்பன் கத்தியைத் தீட்டினார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. கடைசியில் சுப்புராஜ் தீர்ப்புச் சொன்னார்: "வண்டி வார பக்கம்."

சோப்பு நுரை ஏறியது. கத்தி இறங்கியது. முதல் இழுப்பில் மீசை முனை மடியில் விழுந்தபோது கூட்டத்தில் யாரோ "த்சொ" என்றார்கள். "எம்புட்டு நல்ல மீசை. பேச்சு செத்த நீண்டு போச்சு, அதான் மோசம் பண்ணிருச்சு" என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். "உணர்ச்சி வேகம்" என்று இருளப்பசாமி நுரைக்குள்ளிருந்து ஒத்துக்கொண்டார்.

கபீர் பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, அவர் காதருகே கரி முகத்தைக் கொண்டுவந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, வரும்போது சமுத்திரம் அண்ணன் ஒண்ணு சொன்னாரு."

கத்தி மேலுதட்டில் இருந்தது. இருளப்பசாமியால் திரும்ப முடியவில்லை. கண் மட்டும் திரும்பியது.

"ராஜபாளையத்துல அவரா வண்டியை எடுக்கலையாம். கார்டுகிட்டயும் சொல்லி வச்சிருந்தாராம், நீங்க பேசி முடிச்சு ஏறுறவரைக்கும் நிப்போம்னு. ரெண்டு மட்டம் உங்களைப் பாத்துக் கையைக் கையை ஆட்டிக் கூப்பிட்டாராம். நீங்க பேச்சை நிறுத்தாம, மைக்குக்குக் கீழ கையை வச்சு, 'போ, போ'ன்னு தள்ளி விட்டீயளாம். பெரியவரே போகச் சொல்லுதாருன்னுதான் அவரு கெளம்பிட்டாராம்."

ராக்கப்பன் கத்தியைத் துடைக்க எடுத்தார். சுப்புராஜ் எட்டி நின்று, அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மீசையும் ஒரு பக்கம் வெறும் தோலுமாக இருளப்பசாமி கபீரைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, நாலு பேர் முன்னால் நாக்கை அடக்கத் தெரியாத அந்த மனிதர், கபீருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பிளாட்பாரத்துக் கடைசில நின்னு பாத்தா அம்புட்டு அழகா இருக்குலே. பக்கத்துல போனா... சின்ன வயசுல இருந்தே எனக்கு அதைக் கண்டா பயம்."