ரோஜா எண்ணெய் தடவிய பிற்பகல்

ரோஜா எண்ணெய் என்பது ரோஜா இதழ்களை நீராவியில் வடித்துப் பெறப்படும் நறுமண எண்ணெயாகும். குளிர்காலத்தில் அது குப்பிக்குள்ளேயே உறையும். உள்ளங்கைச் சூட்டில் இளகும். தனியே தோலில் இடுதல் தகாது. தேங்காயெண்ணெயில் ஓரிரு துளி கலந்தே தடவ வேண்டும். மனக்கலக்கத்தைத் தணித்து உறக்கத்திற்குத் துணைபுரிவது அதன் பயன்களுள் தலையாயது. இவற்றை ராபர்ட்சன்பேட்டையில், ஐம்பது வயதை நெருங்குகையில் சேர்ந்த நறுமண எண்ணெய் வகுப்பில் கற்றுத் தேர்ந்தேன்.

என் கணவர் மரியகுழந்தைக்கு உறக்கமில்லை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்த காலத்துத் தூசி அவருடைய நுரையீரலில் படிந்துவிட்டது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்னும் அச்சத்தால் கட்டிலில் அமர்ந்தே பொழுதைக் கழித்தார். இனி மருந்தால் பெரும்பயன் இல்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். அவர் சற்று நேரமேனும் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதே என் விருப்பமாயிருந்தது.

டிசம்பர் மாதப் பிற்பகலொன்றில், குப்பியைக் கையில் பொத்தி இளக்கி, எண்ணெய் கலந்து, அவருடைய மணிக்கட்டுகளில் தடவினேன். மணம் அறையை நிறைத்தது. அவர் கையை வெடுக்கென இழுத்துக்கொண்டார்.

"இன்னாமே இது? பொட்டிக்கு ஆர்டர் குடுத்துட்டியா?"

சுரங்கத் தொழிலாளர் வாழும் எங்கள் லைன் வீடுகளில் சவப்பெட்டியை மூடுமுன் ரோஜா சென்ட் தெளிப்பது வழக்கம். தம்மோடு ஷிஃப்ட் பார்த்தவர் பலரை அவர் அந்த மணத்தோடுதான் வழியனுப்பியிருந்தார். பயன்களைக் கற்ற நான் இதனைக் கருதவில்லை.

நான் விடை கூறுமுன், பக்கத்து வீட்டு ஐடா முந்தானையைத் தலைக்கு இழுத்தவாறு அழுதுகொண்டே உள்ளே வந்தாள்.

"ஐயோ ரெபேக்கா! அண்ணன் எப்போ போனாரு? வாசன தெரு முனை வரிக்கும் வருதே!"

"கீழ எறக்கற கேஜ் இன்னும் வரல ஐடா," என்றார் சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் அந்தக் கூண்டில் பல்லாண்டு இறங்கிய என் கணவர். "வந்தா சொல்லி அனுப்பறேன், போ."

ஐடா அழுகையினூடே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அச்சிரிப்பு இருமலாயிற்று, உதடுகள் நீலம் பாரித்தன. முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இருமல் அடங்கியபின், நறுமண எண்ணெய் நீரில் கரையாது ஆதலால், வெறும் தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் அவர் கைகளைத் துடைத்தேன். மணம் குறைந்ததேயன்றி அகலவில்லை.

"உடுமே," என்றார். "என் ஒருத்தன் மேல மட்டும் வாசன வர்றதுதான் பயமா கீது. நீயும் பூசிக்கோ."

பூசிக்கொண்டேன். ஐடாவும் தன் கையை நீட்டினாள்.

அவர் என் தோளில் சாய்ந்து கண்களை மூடினார். மூச்சு ஒவ்வொன்றும் தேடித் தேடி வந்தது. அவர் உறங்கினாரா, என் பொருட்டு உறங்குபவர்போல் இருந்தாரா என்பதை என்னால் அறுதியிட இயலவில்லை. தோள் மரத்துப்போன பின்னும் நான் அசையவில்லை.