காயாத கம்பளி

1950ஆம் வருஷம் சித்திரையில் சங்கரன்கோவிலில் மிளகாய் வற்றல் விலை சரிந்தது, கிணறுகள் வற்றின, கங்காணி சங்கரசுப்பு வீட்டுக்குள் மட்டும் பனி இறங்கியது. தெருவில் நாய்கூடக் கால் வைக்க முடியாத வெயில். கங்காணியின் முற்றத்திலோ எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. பனியைக் கொண்டுவந்தவள் பேச்சி, ஆடு மேய்க்கும் இசக்கிப்பாண்டியின் பெண்டாட்டி.

மூன்று வருஷத்துக்கு முன் மழை பொய்த்தபோது, காப்பி மலைக்கு ஆள் பிடித்தவர் இந்தக் கங்காணி. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. ஆட்களைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் புற்றுமண்ணைக் கையில் கொடுத்து, தான் சொல்லாமல் மலையை விட்டு இறங்குவதில்லை என்று சத்தியம் வாங்கிவிடுவார். மற்றச் சத்தியத்தை மீறினால் ஒரு கிடா வெட்டிச் சரிக்கட்டலாம். புற்றுமண் சத்தியத்தை மீறினால் நாகம் வீடு தேடி வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நோய்க்கு மருந்தாகப் பூசும் மண்ணை அந்தப் பாவி விலங்காக மாட்டினார். புறப்படும்போது இசக்கிப்பாண்டி தோளில் கம்பளியைப் போட்டிருந்தான். கங்காணி சிரித்தார். “அத எதுக்குலே சுமக்க? அங்கன கம்பளி கம்பெனியில குடுப்பாக.” அவனும் நம்பிப் பேச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அப்புறம் தகவலே இல்லை. பேச்சி போய்க் கேட்டால், “அவன் மலையில ஒருத்தியச் சேத்துக்கிட்டான், நீ வேலையப் பாரு” என்று நாலு பேர் கேட்கச் சொல்வார் கங்காணி. தெரு அவளை வாழாவெட்டி என்றது. கழுத்தில் தாலி கிடந்தது. அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் கம்பளியை எடுத்துக்கொண்டு ரயிலும் பஸ்ஸும் ஏறி, பிறகு நடந்தே மலைக்குப் போனாள். காப்பி பூத்திருந்தது. மலை முழுக்க வெள்ளை, மூக்கை நிறைக்கும் வாசம், உச்சி வேளையிலும் குளிர். அழகான இடம்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. அந்த அழகைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூலிக்காரர் குடியிருப்பில் கரிவலம்வந்தநல்லூர் ஆறுமுகத்தாய் இருமிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். “குளிர்காய்ச்சல் தாயி. எறங்கிப் போயிருங்கன்னு எல்லாரும் சொன்னோம். ‘மண்ணத் தொட்டுட்டேன், அங்கன அவ தனியா இருக்கா, பாம்பு வந்துரும்’னு மாட்டேன்னுட்டாக. கம்பளியா? யாரு குடுத்தா? சாக்கப் போத்திக்கிட்டுத்தான் செத்தாக. கங்காணிதான் நின்னு பொதைக்கச் சொன்னாரு.”

புதைத்த இடத்தில் ஒரு காப்பிச் செடி நின்றது, அதுவும் பூத்திருந்தது. பேச்சி அதன் அடியில் கம்பளியை விரித்தாள். அழுகை வரவில்லை, கொதிப்புதான் வந்தது. பொழுது சாயும்வரை கம்பளி மலைப்பனியைக் குடித்தது. சுருட்டித் தலையில் வைத்தபோது ஆட்டுக்கிடா கனம் கனத்தது.

ஊருக்கு வந்தவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கங்காணி வீட்டுக்குப் போய் முற்றத்தில் கம்பளியைப் பிழிந்து கொடியில் போட்டாள். தண்ணீர் வரவில்லை, பனி வந்தது. நனைந்த வேட்டி தெருமுனைக்குப் போகுமுன் காய்ந்துவிடும் ஊரில், அந்தக் கம்பளி வருஷக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. எடுத்து எறியப் போன வேலைக்காரர்களின் விரல் விறைத்தது. கங்காணியின் காப்பி உதட்டுக்கு வருமுன் உறைந்தது. அவர் மனைவி சிவகிரியில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பனிக்குள்ளிருந்து இருமல் கேட்கும். மலைக்கு ஆள் அனுப்பிய ஒவ்வொரு வீட்டாரும் வாசலில் நின்று காது கொடுத்து, தங்கள் ஆளின் இருமலை அடையாளம் கண்டு, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள்.

நாலாவது வருஷம் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா அன்று கங்காணி பல் கிட்டிக்க வெளியே வந்தார். பனியும் கூடவே வந்தது. புற்றுமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே கேட்கச் சொன்னார். “இசக்கிப்பாண்டி ஒருத்தியயும் சேக்கல. காய்ச்சல்ல செத்துட்டான். நான்தான் பொதைக்கச் சொன்னேன். நான் சொன்னது பொய்.” பேச்சி அங்கேயே தாலியைக் கழற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொடியில் கிடந்த கம்பளி அந்த நிமிஷமே காய்ந்து மொடமொடவென்று ஆனது. பனி மட்டும் போகவில்லை. ஏன் போக வேண்டும்?

அவள் கம்பளியை மடித்தபோது கங்காணி இரண்டு கையையும் ஏந்தினார். “குளிரு தாங்கல தாயி. அத மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போ.”

“இது எதுக்கு அண்ணாச்சி? கம்பளி கம்பெனியில குடுப்பாக” என்று சொல்லிவிட்டுப் பேச்சி வெயிலில் இறங்கி நடந்தாள்.

அந்த வருஷம் மிளகாய் வற்றல் விலை ஏறியது. வெற்றிலை வியாபாரிகள் கட்டு வாடாமல் இருக்கக் கங்காணி வீட்டுச் சுவரோரம் கடை போட்டுக்கொண்டார்கள்.