பதினோரு முறை விலைபோன கிடா

ஆஸ்திரேலியாவின் டார்லூக் ஆட்டுச் சந்தையின் கான்டீனில் ரேலீன் பாஸ்கோவின் மார்பு கழன்று விழுந்தது ஒரு ஜனவரிக் கோடையில், கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து.

நிஜமான மார்பு போய் இரண்டு வருஷமாகிவிட்டது. புற்றுநோய் என்று பல்லாரட் ஆஸ்பத்திரியில் இடது பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் சிலிக்கானில் செய்த ஒன்றை உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு நடமாடினாள். குளிர்காலத்தில் அது தன்பாட்டுக்குக் கிடக்கும். கோடை வந்தால் வேர்த்து வழுக்கி, எந்தப் பக்கம் தப்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அவள் சாசேஜ் ரோல் தட்டை எடுக்கக் குனிந்ததும் வழி கிடைத்துவிட்டது. கழுத்துப் பக்கமாக நழுவி, தக்காளி சாஸ் பாட்டிலுக்கு அருகில் தொப்பென்று உட்கார்ந்தது.

வரிசையில் முதலாவதாக நின்றவர் நோயல் லீனர்ட். எழுபது தாண்டியவர், ஊரறிந்த கஞ்சர். ஒரே தேயிலைப் பையை மூன்று வேளைக்கு வைத்துக்கொள்வார் என்று அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தலையிலிருந்த அழுக்குத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தார்.

"சாசேஜ் ரோல் ஒண்ணு குடு ரேலீன். சாஸ் தாராளமா ஊத்து. அதுக்குத் தனியா காசு கேக்கமாட்டியே?"

பின்னால் நின்ற ஆண்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் பூட்ஸை ஆராய்ந்தார். ரேலீன் தொப்பியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வெளியே வந்தபோது, நோயல் மொட்டைத் தலையோடு வெயிலில் நின்று தின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் டாம்சினிடம் அதைச் சொன்னாள். டாம்சின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அம்மா, அந்த ஆபரேஷனைப் பண்ணிக்கோயேன்."

"எந்தக் காசுல?"

அது பழைய பேச்சு. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் மார்பைத் திரும்பக் கட்டித் தருவார்கள். ஆனால் வரிசை நீளம். ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. மெல்போர்னில் தனியார் மருத்துவமனை உடனே செய்யும். காப்பீட்டுக்காரர்கள் தருவது போகக் கையிலிருந்து பதினாலாயிரம் டாலர் வேண்டும். புருஷன் என்றோ குவீன்ஸ்லாந்துக்குப் போய்த் தொலைந்தவன். கான்டீன் சம்பளம் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போய்விடும்.

"ரெண்டு கால் இருக்கு, ரெண்டு கை இருக்கு. இது ஒண்ணு கொறைஞ்சா குடியா முழுகிடும்?"

"நீச்சல் குளத்துப் பக்கமே போறதில்ல நீ. போட்டோ எடுத்தா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கற. ஊர்ல சொன்னா எல்லாருமா சேர்ந்து..."

"எனக்காக நீ உண்டியல் குலுக்கினதாத் தெரிஞ்சுது, ஊரை விட்டே போயிருவேன். சொல்லிட்டேன்."

டாம்சின் உண்டியல் எதையும் குலுக்கவில்லை. ஆனால் அவள் வேலை பார்த்தது ஏலக்காரர் மர்ரே ஹோலிஸின் அலுவலகத்தில். மறுவாரம் நோயல் அங்கே வந்து, கதவைச் சாத்திவிட்டு, "உங்கம்மாவுக்கு அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று நேராகக் கேட்டபோது அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

மார்ச் மாதச் சந்தையன்று ரேலீன் முட்டை சாண்ட்விச்சுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மர்ரேயின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நோயல் லீனர்ட்டின் மெரினோ இனக் கிடா ஒன்று ஏலத்துக்கு வந்தது. இறைச்சி ஆலைக்கு வாங்குகிற வின்ஸ் கலேயா அதை ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு எடுத்தார்.

"வின்ஸ் காசைக் கட்டிட்டுக் கிடாவைத் திருப்பிக் குடுத்துட்டாரு," என்றது ஒலிபெருக்கி. "மறுபடியும் கேளுங்க!"

இன்னொருவர் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் ஏலம்.

"மர்ரேவுக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு," என்று ரேலீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் முறை அதே கிடா விலைபோனபோது கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். பட்டி ஓரத்தில் டாம்சின் நின்றிருந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் முகம் போன போக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ரேலீன் விடுவிடுவென்று நடந்தாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"மர்ரே! என்னய்யா நடக்குது இங்க?"

"ஏலம் நடக்குது. நீயும் கேக்கறதா இருந்தா கையைத் தூக்கு. கத்தியைக் கீழ வெச்சுட்டுத் தூக்கு."

"என் நெஞ்சையா ஏலம் விடுறீங்க?"

மைக் அதையும் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. ஆடுகள்கூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"உன் நெஞ்சை எவன் கேட்டான்?" கம்பி வேலிப் பக்கமிருந்து நோயல் கத்தினார். "நான் விக்கறது என் கிடாவை. அதுவும் நொண்டி!"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் அவளை லாரி நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"எட்னாவுக்கும் எடுத்தாங்க," என்றார். எட்னா அவருடைய மனைவி. அவள் இறந்து பல வருஷம். "அப்பல்லாம் இந்த வசதி ஏது? சாக்ஸுல கோதுமையை ரொப்பி வெச்சுக்கிட்டா. ஒருநாள் மந்தையை ஓட்டப்போய் மழையில நல்லா நனைஞ்சிட்டா. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, முளை விட்டிருக்கு. சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் உள்ள போய் அழுதா. நான் வாசல்லயே நின்னேன். உள்ள போய் என்ன சொல்றதுன்னு தெரியல. இன்னிக்கும் தெரியாது. காசு பண்ணத் தெரியும். அவ்வளவுதான்."

"யோவ் நோயல், இதை என்னால திருப்பிக் குடுக்க முடியாதுய்யா."

"கேட்டேனா?"

அவள் வேலியைப் பார்த்தாள். டெஸ் மெக்கின்னன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். போன வருஷ வறட்சியில் பாதி மந்தையை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவன். இன்றைக்கு விற்கக் கொண்டுவந்ததே ஒரு சின்னப் பட்டிதான். அவளைப் பார்த்ததும் கழுத்துவரை சிவந்தான். ஆனால் கையை இறக்கவில்லை.

ரேலீனின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கான்டீனுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வெண்ணெய் தடவத் தொடங்கினாள். கண்ணீர் கட்டுக்கடங்காமல் வந்தது. அன்றைக்கு முட்டையில் உப்பு கூடிவிட்டது; தின்றவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. கிடா பதினோரு முறை விலைபோய், கடைசியில் யாருக்கும் வேண்டாமல் நோயலின் புல்வெளிக்கே திரும்பியது. ஆபரேஷனுக்கும் போதும், டாம்சின் மெல்போர்னில் தங்குகிற செலவுக்கும் போதும் என்கிற அளவுக்குச் சேர்ந்திருந்தது.

ஜூன் மாதம் மெல்போர்ன் மருத்துவமனைக்குப் போனார்கள். பணம் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த பெண், "மீதித் தொகை சொந்தச் செலவா?" என்று கேட்டாள்.

"சொந்தக்காரங்க செலவு," என்றாள் ரேலீன்.

வயிற்றிலிருந்து சதையும் கொழுப்பும் எடுத்து மார்பு கட்டப்போவதாக டாக்டரம்மா விளக்கினாள். அவ்வளவு சதை தேறுமா என்று ரேலீன் பயந்து கேட்டதற்கு, டாம்சின் முந்திக்கொண்டு, "டாக்டர், சாசேஜ் ரோலா தின்னு சேத்த சொத்து அது. ரெண்டு பேருக்குக் கட்டலாம்," என்றாள்.

விழித்தபோது வலி இருந்தது. வயிற்றை யாரோ இழுத்துத் தைத்த மாதிரி நிமிரவே முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, கட்டு மாற்றும்போது காலை வெளிச்சத்தில் பார்த்தாள். தழும்பும் வீக்கமுமாக, கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நர்ஸைக் கேட்டுக்கொண்டு மெல்ல விரலை வைத்தாள். சூடாக இருந்தது. அந்தச் சிலிக்கான் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. இது அவளுடைய சதை, அவளுடைய ரத்தம். "அம்மா, வலிக்குதா?" என்று டாம்சின் கேட்டாள். "இல்லடி. ரொம்ப நல்லாருக்கு," என்று சொல்லி, விரலை எடுக்காமலே கிடந்தாள்.

பளு தூக்கக் கூடாதென்று சொன்ன வாரங்களெல்லாம் கான்டீனை ஆண்களே முறை வைத்து நடத்தினார்கள். வின்ஸ் ரொட்டி வெட்டிய அழகை ஊர் இன்னும் பேசுகிறது.

செப்டம்பர் சந்தைக்கு அவள் வேலைக்குத் திரும்பினாள். ஏலம் தொடங்குமுன் மர்ரே மைக்கை அவள் கையில் திணித்தார். எதிரே நின்ற அத்தனை ஆண்களும் அவள் கழுத்துக்குக் கீழே பார்வை போய்விடக் கூடாதென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வார்த்தைகளை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

"அட, கீழ பாருங்கய்யா," என்றாள். "காசு குடுத்தவங்க பாக்காம வேற யாரு பாக்கறது?"

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. டெஸ் மெக்கின்னன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அந்தச் சிரிப்புக்குள்ளேயே, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க எல்லாரும்," என்று அவள் சொன்னது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

மாலையில் தனியாகக் காரோட்டி வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு வருஷமாக சீட் பெல்ட் அந்தச் சிலிக்கான் மேல் வழுக்கிச் சரிந்து கழுத்தை அறுக்கும். இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். இன்றைக்கு அது நடுவில், இருக்க வேண்டிய இடத்தில், பேசாமல் கிடந்தது. சாலையின் இருபுறமும் கடுகு போன்ற கனோலாப் பயிர் மஞ்சளாகப் பூத்திருந்தது. கலேயா, மெக்கின்னன், லீனர்ட் என்று ஒவ்வொரு பண்ணையின் வாசலாகக் கடந்தபோது, அங்கே யாரும் நிற்காவிட்டாலும், எதிரே வருகிற வண்டிக்கு அந்த ஊரில் வணக்கம் சொல்வதுபோல், ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டிக்கொண்டே போனாள்.