தரைக்கு அடியில் நாலு மூட்டை

நிலத்தை விற்ற பிறகுதான் விதையைக் குழியில் இறக்கினேன்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. காலி செய்ய இருபது நாள் கொடுத்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் விதைத் தானியத்தைத் தனியாகப் பிரித்து, காயவைத்து, குழியில் கொட்டி மூடுவது வழக்கம். அந்த வருஷமும் கொட்டினேன். நாலு மூட்டை. மேலே வைக்கோல் பரப்பி, வாயைக் கல்லால் மூடி, களிமண் பூசினேன். கை கழுவும்போது மனைவி கேட்டாள்.

"இத எங்க விதைக்கப் போறீங்க?"

பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்போது என்று நினைக்கவில்லை.

ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. நான் அதில் தரை துடைக்கிறேன்.

குழி என்றால் சின்னப் பள்ளம் இல்லை. வாய் ஓர் ஆள் இறங்கும் அகலம். உள்ளே பானை மாதிரி விரியும். இரண்டு ஆள் ஆழம். வருஷத்துக்கு ஒரு முறை திறந்து, விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். அணையாமல் எரிந்தால் ஆள் இறங்கிச் சுவரைப் பூசலாம். மூன்று வருஷம் பூசாத குழிக்கு மேல் மாட்டை ஓட்டவிட மாட்டார் அப்பா. கூரை வெறும் மண்.

நிலத்தை வாங்கியவர்களிடம் நான் குழியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் நிரப்பச் சொல்வார்கள்.

ஆறு பேருடைய நிலத்தை ஒன்றாக்கினார்கள். வீடுகளை இடித்தார்கள், வரப்புகளை வழித்தார்கள், எங்கிருந்தோ சிவப்பு மண் கொண்டுவந்து கொட்டி, ரோலர் ஓட்டி, தரை போட்டார்கள். ரோலர் ஓடிய நாட்களில் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எதுவும் ஆகவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கிடங்கில் பதினான்கு வரிசை. எல்லாம் டைல்ஸ் பெட்டி. என் மனைவியின் தம்பிதான் பாரம் தூக்கும் வண்டியை ஓட்டுகிறான். ஒரு தூக்குக்கு ஒன்றரை டன். வண்டியின் எடை அதைப்போல் இரண்டு பங்கு. இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டது நான்.

போன மாதம் ஏழாவது வரிசையில் தரை விரிசல் விட்டது. தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. சூப்பர்வைசர் சிமெண்ட் பூசினார்.

"வெயிலுக்குத் தரை வெடிக்கத்தான் செய்யும். எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்காதீங்க. தொடைங்க."

டீ குடிக்கும்போது மைத்துனனிடம் சொன்னேன். "மாப்ளே, ஏழாவது வரிசைப் பக்கம் வண்டிய ஓட்டாத."

"ஏன் மாமா, அங்க பேய் கீய் இருக்கா?"

"குழி இருக்கு."

சிரித்தான். பிறகு டீயைக் கீழே வைத்தான். "அந்தக் குழியா? அத நீங்க மூடலயா?"

"மூடினேன். நெரப்பல."

மறுநாள் பதினோராவது வரிசையில் ஒரு கோடு.

"பதினொண்ணுலயும் ஓட்டக் கூடாதா? அப்ப வண்டியத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நடக்கவா மாமா?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பழைய வீட்டை வரைந்தேன். பின்கதவு. அங்கிருந்து நாற்பது அடி நடந்தால் குழி.

"முப்பது" என்றாள் மனைவி.

"நாப்பது."

"உங்க காலுக்கா, என் காலுக்கா? அதுவும் பின்கதவு அந்தப் பக்கமா இருந்துச்சு?" அவள் தன் விரலால் வேறொரு கதவை வரைந்தாள். "இருபது வருஷம் அதுல பூந்து வந்தவ நான். நீங்க சோத்துக்கு மட்டும் வந்தீங்க."

இரண்டு வீடுகளும் காய்ந்துபோயின. எந்தக் கதவு சரியென்றாலும் பயன் இல்லை. வீடு கிடங்கின் எந்தச் சுவருக்கு நேராக இருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

வாடை வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். குழியைத் திறந்ததும் மேலே வரும் வாடை. வெதுவெதுப்பாக, லேசான புளிப்போடு. ஒருநாள் மூன்றாவது வரிசையில். ஒருநாள் அலுவலக வாசலில். மற்றவர்களைக் கேட்டேன். அட்டைப்பெட்டி வாடை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் மனைவி என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றாள். முகர்ந்து பார்த்தாள்.

"குழிக்குள்ள எறங்கினீங்களா?"

காலையில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வயதில் சின்னவர். பொறுமையாகக் கேட்டார். "சரி பெரியவரே, எங்கன்னு காட்டுங்க. துளை போட்டுப் பாத்துடலாம்."

ஏழாவது வரிசையைக் காட்டினேன். துளைத்தார்கள். கெட்டி மண். பதினொன்றைக் காட்டினேன். கெட்டி மண். மனைவி சொன்ன கணக்கை வைத்துக் குத்துமதிப்பாக இரண்டாவது வரிசையைக் காட்டினேன். முதலில் சிவப்பு மண் வந்தது. அதற்குக் கீழே கருப்பு. ஒரு கட்டியை எடுத்து உடைத்து நாக்கில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். முன்பெல்லாம் என் மண்ணையும் பக்கத்து வயல் மண்ணையும் வாயில் வைத்தே பிரித்துச் சொல்வேன். இது யாருடையது என்று தெரியவில்லை.

மேனேஜர் பத்திரத்தின் நகலை எடுத்து வந்தார். "வீடு இருக்கு. மரம் எத்தனைன்னுகூட இருக்கு. குழி இல்லையே?"

"குழிய யாரு சார் எழுதுவாங்க?"

"இதோட விடுங்க. மறுபடி கெளப்பினீங்கன்னா நீங்களும் உங்க மச்சானும் வீட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான்."

மத்தியானம் பாரம் இறக்குபவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று குதித்தார்கள். ஒவ்வொருவராக, ஒவ்வோர் இடத்தில். "பெரியவரே, இங்கயா? இங்கயா?" ஒருவன் பொத்தென்று உட்கார்ந்து, "ஐயோ, உள்ள போறேன், கஞ்சி காய்ச்ச அடுப்பு குடுங்க!" என்று கத்தினான். கிடங்கே சிரித்தது.

"குதிக்காதீங்கடா" என்றேன். உட்கார்ந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு யாரும் குதிக்கவில்லை. ஆனால் அவர்களும் நடக்கும்போது கீழே பார்க்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை மூன்று லாரி வந்து நின்றது. மைத்துனன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். முதல் அடுக்கைத் தூக்கினான். நகரவில்லை.

"மாமா, எந்தப் பக்கமா போகட்டும்?"

"தெரியல."

"ஒரு பக்கம் சொல்லுங்க. நீங்க சொன்னா போறேன்."

"தெரியலடா. வேலைய விட்டுடு."

"விட்டுட்டு? எந்த வயலுக்குப் போறது?"

சூப்பர்வைசர் விசில் ஊதினார். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றேன். நாலடி இடைவெளி.

"என் பின்னாலயே வா. கால் வச்ச எடத்துல வா."

"உங்க எடைக்குத் தாங்குறது இதுக்குத் தாங்குமா?"

"தாங்காது. விழுந்தா சேந்து விழுவோம்."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

"யோவ், என்னய்யா அங்க பண்றீங்க!" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கிடங்கின் தரை ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்ததும் அவரும் நின்றுவிட்டார். 

முதல் வரிசையைத் தாண்டினேன். இரண்டாவது. கம்பெனி கொடுத்த பூட்ஸுக்குள் கால் வியர்த்தது. முதுகில் வண்டியின் சூடு பட்டது. காலை ஊன்றி, நின்று, தரைக்குக் காது கொடுத்தேன். பின்னால் அவனும் நிறுத்தினான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த காலை எடுத்து வைத்தேன்.