ஒரு முழம் தள்ளி

“அங்கேயே நில்லு. அதுக்கு மேல ஒரு அடி வெச்சேன்னா கூப்பாடு போடுவேன்.”

“கூப்பாடு போட முதல்ல உனக்கு மூச்சு இருக்கா?”

“இல்ல. அதனாலதான் முன்கூட்டியே சொல்லி வெக்கறேன். அங்கேருந்தே காட்டு.”

தங்கை அறை வாசலில் நின்றபடி கையை உயர்த்திக் காட்டினாள். கோட்டுப் பித்தான் அளவில் நான்கு காந்தங்கள், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே துண்டாக இருந்தன. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் இருந்த அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினான். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியவை. எந்த ஸ்பீக்கர், எந்த வருஷம் என்றுகூட அவனால் சொல்லிவிட முடியும்.

அவனுடைய இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. துடிக்க மறக்கும் இதயத்தைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. அதை வைத்து இரண்டு வருஷமாகிறது. எந்தக் காந்தமானாலும் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும் என்று அன்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டு வருஷம் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்தவனிடம் போய் அப்படிச் சொன்னார். அதன்பிறகு கடையில் அவனை முன்மேசைக்கு மாற்றிவிட்டார்கள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்தான்; இரண்டு மாசமாக அதுவும் இல்லை, வீட்டு நாற்காலிதான். “மீனவனைத் தண்ணி பக்கம் போகாதேன்னு சொன்ன கதை” என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

இப்போது நடந்துகொண்டிருந்த வேலை அவன் மகளுக்காக. ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்கும் மகளுக்கும் டார்ட் துப்பாக்கிச் சண்டை நடக்கும். நாற்காலிதான் அப்பாவின் கோட்டை. சோபா, கதவு, குளிர்பெட்டி என்று எதன் பின்னாலாவது பதுங்கிப் பதுங்கி அவள் வருவாள். ஆரஞ்சு நிறத்தில் விரல் நீள நுரை அம்புகள் பறக்கும். தோற்றவர் ஒரு வேளைப் பாத்திரம் கழுவ வேண்டும். போன ஞாயிறு இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி, ஓடுகிற ஓட்டத்தில் கால்சட்டைக்குள் நழுவிக் கணுக்கால் வழியாக வெளியே வந்து விழுந்தது. சிரித்து ஓய்ந்தபிறகு அவன் ஒரு டோக்கன் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டான். பழைய புத்தகப் பையின் நாடாவில் ஒரு பெல்ட். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரெக்ஸின் பட்டை. பட்டைக்குள் இரண்டு காந்தம், துப்பாக்கியின் பக்கவாட்டில் இரண்டு. உறையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். கிட்டே கொண்டுபோனால் போதும், டக்கென்று ஒட்டிக்கொள்ளும்.

படம் போட மட்டும்தான் அவனால் முடியும். தொடுகிற வேலையெல்லாம் தங்கையுடையது. அவள் தையற்காரி.

“நாலையும் ஒட்டின மேனிக்கே வெச்சுக்கோ. மேல இருக்கறதுல அண்ணியோட நகப்பாலிஷால ஒரு புள்ளி வை. அதை எடு. அடுத்ததுக்கு வை. நாலுக்கும் ஒரே பக்கம்.”

“வெச்சாச்சு.”

“துப்பாக்கியில ஒட்டற ரெண்டுக்கும் புள்ளி உள்ள மறையணும். பெல்ட்ல வெக்கற ரெண்டுக்கும் புள்ளி வெளிய பாக்கணும். திருப்பிச் சொல்லு.”

“துப்பாக்கிக்கு உள்ள, பெல்ட்டுக்கு வெளிய. நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?”

பின்னறையில் அண்ணியின் பழைய மிஷின் இருந்தது. வாண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தங்கை முதலில் துப்பாக்கியில் இரண்டை ஒட்டி முடித்தாள். பிறகு பட்டையில் காந்தங்களை வைத்து, சுற்றிலும் சிவப்பு நூலால் நெருக்கமாக இரட்டைத் தையல் போட்டாள். இருபது வருஷமாகச் சாக்குக்கட்டிக் கோடு எதுவானாலும் துணியின் உள்பக்கத்திலேயே போட்டுப் பழகிய கை அது. அடையாளம் வெளியே தெரிந்தால் அது தையலே இல்லை என்று கற்ற கை. வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, கை தன் போக்கில் இன்னொன்றைச் செய்துவிட்டது.

வாண்டு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியை இடுப்பருகே கொண்டுபோனாள். அது நெருங்கவே இல்லை. கோபித்துக்கொண்ட மாமியாரைப்போல் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் போய் விழுந்தது.

“என்ன சத்தம்?” என்றான் அண்ணன் முன்னறையிலிருந்து.

“தள்ளி விடுதுப்பா!”

பிறகு அவன் சிரிப்பு கேட்டது, நடுவில் இருமலோடு. “தையக்காரி புத்தி! புள்ளியக் கண்டா உள்ள மறைச்சுடுவாளே! அடடா, நாலும் சொல்லி, நாலும் கேட்டு…”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நேரமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு பாவாடை பாக்கி இருந்தது. “சாயங்காலம் வந்து பிரிச்சுத் தைக்கறேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க” என்று பெல்ட்டை மிஷின்மேல் வைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் கடைக்குப் போனாள்.

மூன்றரை மணிக்கு அண்ணி போன் செய்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரலிலேயே புரிந்துபோக, தங்கை கையிலிருந்த கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவன் அதே நாற்காலியில், தெருவில் யாரோ கூப்பிட்டதைக் கேட்பவன்போல ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தான். மடியில் பெல்ட் கிடந்தது. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பாதி பிளேடு. பட்டையின் ஒரு பக்கத் தையலை, துணி கிழியாமல், ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தான். ஒரு காந்தம் திரும்பியிருந்தது. சிவப்புப் புள்ளி வெளியே பார்த்தது. இன்னொன்றின் தையலில் கை படவே இல்லை. சட்டையில் எறும்புகள்போலச் சிவப்பு நூல் துணுக்குகள்.

அண்ணி போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை பெல்ட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். பையிலிருந்த கத்தரிக்கோல் டக்கென்று அதில் ஒட்டிக்கொண்டது. நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மிஷின் பின்னறையில் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டாலும் அண்ணனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆக, யாரோ எடுத்துவந்து கொடுத்திருக்க வேண்டும்.

வாண்டு குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். எழுத வேண்டியதை எழுதினார். அவர் படி இறங்கும்போது தங்கை பின்னாலேயே போனாள்.

“டாக்டர், அவன் மடியில காந்தம் இருந்துச்சு. நான் தப்பாத் தைச்சு வெச்சுட்டுப் போனது. அதைப் பிரிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.”

டாக்டர் நின்றார். “மடியிலயா, நெஞ்சு மேலயா?”

“மடியில.”

“மடிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும்மா. அப்படியே கிட்ட வந்திருந்தாலும் அந்த மெஷின் தாளத்தை மாத்திக்குமே தவிர நிக்காது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு மாசமாவே நாள் எண்ணிக்கிட்டு இருந்த இதயம் அது. உங்க அண்ணிக்குத் தெரியும். மெஷின் இந்த நிமிஷமும் தட்டிக்கிட்டுதான் இருக்கு. உள்ளேருந்து கதவைத் திறக்கத்தான் ஆள் இல்ல.”

எரிப்பதற்கு முன்னால் அந்தக் கருவியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும் என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குத் தன் உதவியாளரை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

டாக்டர் சொன்னது காதில் ஏறியது. கைக்கு இறங்கவில்லை.

அண்ணனைப் படுக்கையறையில் கிடத்தினார்கள். முன்னறை நிறைந்தது. அவனோடு வேலை பார்த்த ஸ்பீக்கர்க்காரர், தொந்தியும் வியர்வையுமாக வந்து, சோபாவில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். கீழே கையை விட்டு ஒரு நுரை அம்பை எடுத்தார்.

“இவன் எப்பவும் என்னைப் பின்னாலேருந்துதான்டா அடிப்பான்” என்றார். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் அந்த அம்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அண்ணி அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். “வாண்டு அவர் கிட்டவே போக மாட்டேங்கறா. கட்டில்லேருந்து தள்ளித் தள்ளி நிக்கறா. அதட்டினாலும் வரல, கொஞ்சினாலும் வரல. ராத்திரிவரைக்கும் வெச்சிருக்கப் போறதில்ல. அப்புறம் காலம்பூரா அவளுக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். உன் பேச்சுனா கேப்பா.”

“பாக்கறேன் அண்ணி.”

“அவளுக்கு என்ன பயம்னே புரியல.”

தங்கைக்குப் புரிந்திருந்தது. அதை அண்ணியிடம் சொன்னால், பெல்ட்டை யார் எடுத்துக் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு உதவியாளர் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம். வெளியே வந்து, மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அவள் கையில் கொடுத்தார். “அலம்பிட்டேன்மா. வேண்டாம்னா ஆஸ்பத்திரியில குடுத்துடலாம். இங்க ஒரு கையெழுத்து.”

டப்பாவோடு பின்னறைக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தது கூழாங்கல்போல வழுவழுவென்று இருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. அதை மிஷின் பலகையின் ஒரு கோடியில் வைத்தாள். பையிலிருந்து பெல்ட்டை எடுத்து, கத்தரிக்கோலைப் பிடுங்கி விடுவித்தாள். பிறகு, டப்பாவைக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

மீதித் தையலைப் பிரித்தாள். இரண்டாவது காந்தத்தையும் திருப்பினாள். அண்ணன் பிரித்துவைத்த இடத்தில் ஒரு இழைகூடப் பிசிறில்லை. தையல் பழகாத கை எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறது. எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கால் மணி நேரம்? அரை மணி? சிவப்பு நூல் கோத்து, இந்த முறை புள்ளிகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். முன்னறைப் பேச்சுச் சத்தத்தில் மிஷின் ஓசை யாருக்கும் கேட்கவில்லை. கேட்டது ஒருத்திக்கு மட்டும்.

வாண்டு கதவோரம் வந்து நின்றாள். தலை கலைந்து, கன்னத்தில் உப்பு காய்ந்திருந்தது.

“வாடா.”

வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை. தைத்து முடித்த பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“புள்ளி இப்ப வெளிய இருக்கு” என்றாள்.

“ம்.”

“அப்பா ஒண்ணுதான் திருப்பினாரு. என்னைத் தள்ளிப் போய் நில்லுன்னு சொன்னாரு. நான் தண்ணி கொண்டாரப் போனேன்.”

தங்கை அவள் தலையைக் கோதினாள். எதைச் சொன்னாலும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “வாண்டு, இங்க பாரு. இதனால ஒண்ணும் ஆகல. டாக்டர்கிட்டயே கேட்டேன். இதனால இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாரு.”

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“டாக்டர்கிட்ட இந்த பெல்ட்டைக் காட்டினீங்களா?”

“இல்ல. சொன்னேன்.”

“காட்டலையா?”

“…இல்ல.”

வாண்டு அதை யோசித்தாள். அடுத்த அறையில் யாரோ கட்டிலைச் சுற்றி நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது என்று ஒரு குரல். அவள் பெல்ட்டை இடது கையில் எடுத்துக்கொண்டாள். வலது கையை, டப்பா இருந்த கோடியைப் பார்த்து நீட்டினாள். நகத்திடுக்கில் காலையில் பட்ட நகப்பாலிஷ் காய்ந்திருந்தது.

“அத்தை, அப்பாவோட மெஷினைக் கொஞ்சம் தாங்க. இதுல ஒட்டுதான்னு மட்டும் பாத்துட்டுக் குடுத்துடறேன்.”