கலிஸ்டா கப்பலின் கதவுகள்

எட்வர்ட் மன்னரின் கடற்படையில் ஒரு கமாண்டர் கேப்டனாக வேண்டுமென்றால் போர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பெயின்ட் தெரிந்திருந்தால் போதும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ரூபன் ஹாக்கடே என்கிற நான் இருபத்தாறு வருடம் அந்தக் கப்பல்களில் தச்சு அதிகாரியாக இருந்தவன். தச்சன் என்றதும் நாற்காலி செய்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

1908-ல் மால்டாவில் நின்றிருந்த 'கலிஸ்டா'வுக்கு ஜெரார்ட் தர்ஸ்பி கமாண்டராக வந்தார். கேப்டனுக்கு அடுத்த இடம். கப்பலின் அழகு முழுக்க அவர் பொறுப்பு. நல்ல மனிதர், ஆட்களைக் கை நீட்டி அடிக்காதவர். அப்பா ஏதோ ஒரு கிராமத்துப் பாதிரியார், அதனால் லண்டனில் சிபாரிசுக்கு ஆளில்லை. அரையாண்டுக்கு ஒரு முறை புதிய கேப்டன்களின் பட்டியல் வரும். பன்னிரண்டு பட்டியல்கள் அவர் பெயர் இல்லாமலே வந்து போயிருந்தன. இன்னும் ஒன்றிரண்டு போனால் வீட்டில் உட்கார்ந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

எங்கள் அட்மிரல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கப்பலைச் சோதிக்க வருவார். பீரங்கி சுடுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. விரலால் தடவிப் பார்ப்பார், விரல் அழுக்கானால் முகம் சுளிப்பார். பக்கத்துக் கப்பலின் கமாண்டர் தன் இரும்புக் கதவுகளின் பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். அடுத்த பட்டியலிலேயே ஆள் கேப்டன். பிறகு கேட்க வேண்டுமா? மால்டாவில் நின்ற கப்பலெல்லாம் உப்புத்தாளும் செங்கல் தூளுமாகக் கிளம்பிவிட்டது.

தர்ஸ்பியும் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஹாக்கடே, கீழ்த்தளத்துக் கதவெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகணும். விளிம்பு, சட்டம், ஒண்ணும் விடக்கூடாது."

"சார், அது கதவு மாதிரி இருந்தாலும் கதவு இல்ல சார். சட்டத்தோட விளிம்பு ரப்பர் பட்டையில அழுந்தினாத்தான் தண்ணி நிக்கும். விளிம்பைத் தேய்ச்சா மூடினாலும் மூடாத கணக்குதான்."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன பாதிரியாரா, எங்கப்பா மாதிரி?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எனக்கு நாப்பத்தொண்ணு முடியப்போகுது, ஹாக்கடே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் குரலுக்கு நான் இரங்கியது உண்மை. இரங்கியிருக்கக் கூடாது.

மூன்று மாதம் தேய்த்தோம். கொதிகலன் அறைத் தலைவன் ஜெத்ரோ ஸ்னெல், கரி அப்பிய முகத்தோடு ஒரு கதவின் முன் நின்று தலை வாரிக்கொண்டான். "ஏன் சிப்ஸ், தண்ணி வந்தா அதுவும் இங்க நின்னு முகம் பாத்துட்டுத்தான் உள்ள வருமா?" என்றான். தச்சனைக் கப்பலில் சிப்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "போடா கரிமூஞ்சி, உன் முகத்தைப் பாத்தாத் தண்ணியே திரும்பி ஓடிடும்" என்றேன் நான். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

மாதாமாதம் கதவுகளைச் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனை எளிது. விளிம்பில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறந்தால் ரப்பரில் வெள்ளைக் கோடு முழுதாக விழ வேண்டும். எங்கள் கதவுகளில் கோடு அங்கங்கே அறுந்து அறுந்து விழுந்தது. பார்த்தேன், துணியால் துடைத்தேன், 'எல்லாக் கதவும் நீர் புகாதபடி உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் துறைமுகப் பட்டறைக்குப் போனது.

அட்மிரல் வந்தார். ஒரு கதவில் மீசையைச் சரிசெய்துகொண்டார். அடுத்த பட்டியலில் தர்ஸ்பி கேப்டன் ஆனார்.

அவர் போன பிறகும் அந்தத் தேய்ப்பு நிற்கவில்லை, பின்னால் வந்தவருக்கும் பட்டியல் இருந்ததே! பிறகு கப்பல் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிக் கட்டினார்கள். காவலுக்கு வைத்ததுபோல் என்னையும் அதிலேயே விட்டார்கள். நானும் மாதம் தவறாமல் அதே வாக்கியத்தை எழுதினேன்.

1914-ல் போர் வந்ததும் கிழட்டு 'கலிஸ்டா'வுக்கும் பெயின்ட் அடித்து வட கடலுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். கேப்டனாக வந்தவர் தர்ஸ்பி. வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கதவெல்லாம் இப்ப எப்படி?" என்று கேட்டார். கேட்டார் என்பதை நான் மறைக்க மாட்டேன்.

"சட்டத்தையே மாத்தணும் சார். ரெண்டு வாரமாகும்."

பட்டறைக்கு எழுதினார். மறுநாளே பதில் வந்தது. 'தங்கள் தச்சு அதிகாரியின் ஆறு வருடச் சான்றுகள் எங்களிடம் உள்ளன. கதவுகள் நன்றாக உள்ளன. போர்க்காலத்தில் பட்டறையில் வேறு வேலைக்கு இடமில்லை.' தர்ஸ்பி அதை என்னிடம் நீட்டினார். படித்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, எதிரியின் டார்பிடோ முன்பக்கக் கொதிகலன் அறையில் அடித்தது. அங்கிருந்தவர்கள் அந்த நொடியே போய்விட்டார்கள். நடு அறையில் ஸ்னெல்லும் அவன் ஆட்களும். இடையில் ஒரே ஒரு கதவு. நான் ஓடிப்போய் அதை மூடி, மூன்று கட்டைகளை முட்டுக் கொடுத்தேன். விளிம்பைச் சுற்றி மெல்லிசாகத் தண்ணீர் பீச்சியது.

"பம்பு ஓடணும்னா நீராவி வேணும். நாங்க இருக்கோம். இது தாங்குமா, சிப்ஸ்?" என்றான் ஸ்னெல். இந்த முறை சிரிக்கவில்லை.

"தாங்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆறு வருடம் எழுதிய வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை, அதுதான் காரணம். அவன் தலையாட்டிவிட்டு நிலக்கரியை அள்ளினான். கேப்டனிடம் சொல்ல ஏறிப் போனேன். நான் மேல்தளம் சேர்வதற்குள் கதவு விட்டுப்போய்க் கப்பல் சாய்ந்தது. மேலே இருந்த எங்களைப் படகுகள் காப்பாற்றின. நடு அறையில் நாற்பத்து மூன்று பேர். ஒருவரும் வரவில்லை.

கப்பலை இழந்த கேப்டனை விசாரிப்பது எங்கள் வழக்கம். அவருடைய வாள் மேசைமேல் கிடக்கும். தீர்ப்பு வரும்போது அதன் முனை அவரைப் பார்த்தால் குற்றவாளி, பிடி பார்த்தால் விடுதலை.

விசாரணைக்கு முந்தின நாள் தர்ஸ்பி நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க, ஹாக்கடே. தேய்க்கச் சொன்னது நான்தான்னு சொல்லுங்க. நாப்பத்து மூணு வீட்டுக்கும் அது தெரியணும். மத்தக் கப்பல்லயும் இதே கதவுதான், அதையாவது மாத்துவாங்க."

"சொல்றேன் சார்." சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

மறுநாள், விசாரணைச் சபையின் நடுவில் உட்கார்ந்திருந்த வயதான அதிகாரி என் சான்றுகளின் கட்டைத் தூக்கிக் காட்டினார். "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொய்ச் சான்று எழுதினா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியும். கதவு நல்லா இருந்துதா, இல்லையா?"

மேசைக்குப் பின்னால் ஐந்து கேப்டன்கள். ஐந்து பேரும் ஒரு காலத்தில் கமாண்டர்களாக இருந்தவர்கள். ஐவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் ஓய்வூதியத்தை நினைத்தேன். சிறையை நினைத்தேன். ஸ்னெல்லை நினைக்கவில்லை.

"நல்லா இருந்துது சார்."

தர்ஸ்பி எழுந்துவிட்டார். "அவர் சொல்றது பொய். கதவைக் கெடுத்தது நான். என் பதவிக்காகக் கெடுத்தேன்" என்றார். வயதானவர் பரிவோடு, "உக்காருங்க, கேப்டன். உங்க ஆட்களை இழந்த துக்கம் உங்களை இப்படிப் பேச வைக்குது. எங்களுக்குப் புரியுது" என்றார்.

வாளின் பிடி தர்ஸ்பியைப் பார்த்துக் கிடந்தது. யார்மீதும் குற்றமில்லை.

வெளியே அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், ஹாக்கடே" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

சபையில் வாய் திறந்த மனிதருக்கு அதன்பின் கப்பலே தரவில்லை. உடல்நலக் குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றக் கப்பல்களின் கதவுகளையும் யாரும் மாற்றவில்லை. எனக்கு அந்தக் கிறிஸ்துமசுக்கு லெப்டினன்ட் பதவி உயர்வு வந்தது. முப்பது வருடத் தச்சர்களுக்கே கிடைக்காத பதவி. நம்பகமான சேவைக்காக என்று அதில் எழுதியிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.